திருகின் மேல் சிவப்புப் பொட்டு

என் அக்கா புருஷனுக்குத் தன் நிழல் பின்னால் வந்தாலும் "எதுக்குடா தொடர்ந்து வர்றே?" என்று கேட்கிற சுபாவம். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுகிறேன். கிதார் வாசிக்கிறவர்கள் மத்தியில் அவருக்கு வளையம் அண்ணன் என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிட்டு, அவர் என்னைத் திருடன் என்று சொன்ன கதைக்கு வருகிறேன்.

கிதார் ஒலியை மாற்றுகிற பெடல்கள் உண்டு. கிதாருக்கும் அதன் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்புக்கும் நடுவே தரையில் கிடக்கும் சின்ன இரும்புப் பெட்டி. காலால் மிதித்தால் ஒலி கரகரக்கும், எதிரொலிக்கும், அலையலையாக வரும். அத்தான் செய்வது அதிலேயே கிறுக்குப் பிடித்த வகை. ரிங் மாடுலேட்டர். பெட்டிக்குள் ஒரு சுரம் ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும். கிதாரின் சுரம் உள்ளே போய் அதோடு சேர்ந்ததும், இரண்டையும் கூட்டி ஒன்று, கழித்து ஒன்று என்று இரண்டு புது ஒலிகள் வெளியே வரும். உள்ளே சேர்ந்த இரண்டும் வெளியே தலைகாட்டக் கூடாது. அப்பா அம்மா வீட்டுக்குள்ளேயே இருக்க, பிள்ளைகள் மட்டும் தெருவுக்கு வருகிற மாதிரி. முதல் தடவை அதைக் கேட்ட அக்கா, "யாரு பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டறது?" என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். இதையும் வாங்க ஆள் இருக்கிறது, என்ன செய்ய!

நாலு டயோடுகளை வளையமாகப் பற்றவைத்துச் செய்வதால் அவருக்கு அந்தப் பெயர். நாலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் பிசகினாலும் உள்ளே பாடுகிற சுரம் வெளியே கசியும். நீங்கள் தந்தியைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆம்ப்பிலிருந்து 'கீ' என்று ஒரு கீச்சு வந்துகொண்டே இருக்கும். அதனால் அத்தான் ஒரு கை டயோடுகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் அளந்து, ஒத்துப்போகிற நாலைத் தேர்ந்தெடுப்பார். விரலால் தொடமாட்டார், சாமணத்தால்தான் எடுப்பார். உடம்புச் சூடு பட்டால் அளவு மாறிவிடுமாம்.

"இதுங்களை நம்பக் கூடாது மாப்ளே. கை பட்டா நல்லவன் மாதிரி நடிக்கும்" என்பார். சந்தேகப் பிராணிக்கு ஏற்ற தொழில்தான் வாய்த்திருக்கிறது.

அப்படியும் மிச்சமிருக்கிற கசிவை அடக்க உள்ளே ஒரு குட்டித் திருகு உண்டு. கிதாரை இணைக்காமல், உள்ளே பாடும் சுரத்தை உச்சிக்கு ஏற்றிவைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டபடியே அதைத் திருப்புவார். கீச்சு மெலிந்துகொண்டே போய் ஓர் இடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் திருகு நகராமல் இருக்க அதன் தலையில் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பார். அக்காவுடைய பாட்டில்தான், கேட்காமல் எடுத்துவந்து மேஜையில் வைத்துக்கொண்டது. "இதுக்கெல்லாம் ஆஸிலோஸ்கோப்புன்னு ஒண்ணு இருக்கு அத்தான், திரையிலேயே பாத்துக்கலாம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "என் காது நான் பொறந்ததுலேருந்து என்கூட இருக்கு. அதை விட்டுட்டு எவனோ செஞ்ச மெஷினை நம்பச் சொல்றியா?" என்று முறைத்தார்.

உலகத்தில் அவர் நம்பியது அந்தக் காது ஒன்றைத்தான். ஆனால் தொழிலில் நல்ல பெயர் கிடைத்ததும் அதனால்தான், அதையும் சொல்ல வேண்டும். தந்தியிலிருந்து கையை எடுத்தால் வளையம் அண்ணன் பெட்டி மூச்சுவிடாது என்பார்கள். அந்த ஒரு பேச்சில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

மற்றபடி எல்லோர்மேலும் சந்தேகம். சாமான்களை ஒரே கடையில் வாங்கமாட்டார், கடைக்காரன் கணக்குப் போட்டு சர்க்யூட்டைக் கண்டுபிடித்துவிடுவானாம். தேவையே இல்லாத நாலு சாமானையும் சேர்த்து வாங்கி அவனைக் குழப்புவார். செய்து முடித்ததும் உள்ளே கறுப்புப் பசையைக் காய்ச்சி ஊற்றிவிடுவார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் தார் ரோடு மாதிரி இருக்கும், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த திருகுத் தலை மட்டும் தெரியும். கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிய ஆள்மேலும் சந்தேகம். முன்பெல்லாம் மணிக்கு ஒருதரம் 'பீப்' என்று சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது சொல்வதில்லையாம். பேட்டரி மாற்றுகிற சாக்கில் உள்ளே இருந்ததைக் கழற்றிக்கொண்டான் என்று அந்தக் கடைத் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டார். நானும் நம்பினேன். இந்தக் காலத்தில் யாரைத்தான் நம்ப முடிகிறது!

கடைசியில் பூனைமேலும் சந்தேகம் வந்தது. அந்த வீட்டுப் பூனைக்கு அத்தானின் பழைய வால்வு ஆம்ப்தான் கட்டில். கதகதப்பாக இருக்கும் என்று அதன் தலையில் ஏறிப் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நாளாக அத்தான் வேலையில் உட்கார்ந்தால் அது அறையை விட்டு ஓடிவிடுகிறது. "நீதானே ஏதோ தின்னக் குடுத்து இழுத்து வெச்சிருக்கே?" என்று என்னைக் கேட்டார். பூனையை மயக்கி எனக்கு என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள்.

இதற்கிடையில் இரண்டு பெட்டிகள் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் ஆளுக்கொரு நாள் வந்து, "அண்ணே, சும்மா இருக்கும்போது கீச்சுன்னு கத்துதுண்ணே" என்றார்களாம். அத்தான் மாட்டிப் பார்த்தாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். "உன் ஒயர் சரியில்லப்பா" என்று அனுப்பிவிட்டு என்னிடம் பொரிந்து தள்ளினார். "ஓசியில புதுசு வாங்கப் பாக்கறானுங்க. எல்லாம் அந்த இசைக்கருவிக் கடைக்காரன் ஏவி விட்ட ஆளுங்க. என் பேரைக் கெடுத்துட்டு அவன் செஞ்சு விக்கலாம்னு பாக்கறான்." அதற்கப்புறம் எந்தப் பெட்டியும் திரும்பி வரவில்லை. "முறைச்ச முறையில வாலைச் சுருட்டிக்கிட்டானுங்க பாத்தியா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த மீசைக்கு ஆயுசு குறைவு. மிதிக்கிற சுவிட்ச் உடைந்துவிட்டது என்று ஒருவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தவர், பூதக்கண்ணாடியை எடுத்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இது என் பொட்டு இல்ல."

"சிவப்பாத்தானே இருக்கு அத்தான்?"

"என் பாட்டில் பழசு. காஞ்சு கறுத்துப் போச்சு. இது புதுசு, பளபளன்னு இருக்கு. எவனோ என் பொட்டைச் சுரண்டிட்டுத் திருகைத் திருப்பிப் பாத்திருக்கான். அனுப்பறப்ப நான் மூடியில ஒட்டின சீட்டு கிழியாமத்தான் இருந்துச்சு, அப்போ என்கிட்டேருந்து வெளிய போறதுக்கு முன்னாடியே."

சொல்லிவிட்டு என் வலது கையைப் பிடித்து நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கல்யாண மண்டபங்களில் கிதார் வாசிக்கிறவன். தந்தி மீட்டுகிற நகம் உடையாமல் இருக்க அதன்மேல் பாலிஷ் போடுவேன்.

"நீ நகத்துக்குப் பாலிஷ் போடறவன்தானே?"

"அத்தான்! அது கலரே இல்லாதது!"

"கலர் வாங்க எவ்ளோ நேரமாகும்? போன வாரம் அந்தக் கடைக்காரன்கூட நின்னு சிரிச்சுப் பேசிட்டிருந்தியாமே."

"தந்தி வாங்கினேன். சிரிக்காம வாங்கினா குறைச்சுக் குடுப்பானா?"

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்றார். எனக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கொதித்தது. அக்கா வாசலில் ஈரக் கையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். தம்பிக்காக ஒரு வார்த்தை பேசாமல் போகிறாளே என்று அவள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

பிறகு ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவிலிருந்து இரண்டு பெட்டிகள் கேட்டு ஆர்டர் வந்தது. ஊசி விழுந்தாலும் கேட்கிற இடம் அது. அங்கே கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் பெயர் அதோடு போயிற்று. அத்தான் இரண்டையும் முடித்து, பொட்டு வைத்து, மூடினார். ஒவ்வொன்றிலும் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் குறுக்கே ஒட்டினார். தலையில் மிச்சமிருப்பதே கொஞ்சம். அதிலும் இரண்டு செலவு. மத்தியானம் சாப்பிட்டதும் அட்டைப்பெட்டி வாங்கப் போகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

என் கெட்ட நேரம், அவர் போன கொஞ்ச நேரத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அத்தான் உள்ளே பாய்ந்தார். நேரே மேஜைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு பெட்டியில் முடி இல்லை.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டே! உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்றியேடா! இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே. அக்கா, நொக்கான்னு வந்து நின்னே, அவளையும் சேர்த்து அனுப்பிடுவேன்!"

"மிதிக்க மாட்டேன்யா! நீரே கூப்பிட்டாலும் வரமாட்டேன்!" என்று நானும் கத்திவிட்டுச் செருப்பைத் தேடினேன். ஆத்திரத்தில் இடது காலுக்கு வலது செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"அவன் இல்லைங்க" என்றாள் அக்கா. "நான்தான்."

அவள் கையில் குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. இன்னொரு கையில் புது நெயில் பாலிஷ் பாட்டில்.

அத்தான் முகம் வெளுத்துவிட்டது. "நீயா? யாருக்கு வித்தே?"

அக்கா மேஜைக்குப் போனாள். தொடாத இரண்டாவது பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இந்த முடி உங்க முடிதானே? பாத்துக்குங்க." பார்த்தார். மூடியைக் கழற்றினாள். "இந்தப் பொட்டு உங்க பொட்டுதானே?" பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவருடையதுதான். கிதாரை இணைக்காமல் பெட்டியை ஆம்ப்பில் மாட்டினாள். ஆம்ப்பின் தலையில் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. குமிழை உச்சிக்குத் திருப்பி, சுவிட்சை அழுத்தினாள்.

அம்மாடி! காதுக்குள் கம்பியை விட்டு இழுத்த மாதிரி ஒரு கீச்சு. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

"கேக்குதா?" என்றாள் அக்கா.

"என்ன கேக்கணும்? ஒண்ணும் இல்லியே. அதுதானே என் வேலை."

"அத்தான், கத்துது! காது கிழியுது!" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெதுவாகச் சிரித்தார். "அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகம் போடறீங்களா? என்னைச் செவிடனாக்கிட்டுத் தொழிலைப் புடுங்கிக்கப் பாக்கறீங்க, இல்ல?"

அப்போதுதான் அவர் கண் ஆம்ப்பின் பக்கம் போனது. தலையில் பூனை இல்லை. காதை மடக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்தது.

அத்தான் தானே சுவிட்சை அணைத்தார். பூனை எட்டிப் பார்த்தது, ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்து ஆம்ப்பில் ஏறியது. அழுத்தினார். ஒரே பாய்ச்சலில் வெளியே ஓடியது. மறுபடி அணைத்தார். வரும்வரை காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். பூனையோடு யாரும் கூட்டுச் சேர்ந்து சதி செய்ய முடியாது என்று அவருக்கே தெரியும். கட்டின பெண்டாட்டியை நம்பாத மனுஷன் பூனையை நம்பினார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எத்தனை நாளா?"

"முதல் பெட்டி திரும்பி வந்துச்சே, அன்னிலேருந்து. நாங்க பேசறதெல்லாம் உங்களுக்குக் கேக்குது, அந்தக் கீச்சு மட்டும்தான் கேக்கல. அடுப்படியில நின்னா எனக்குக் கேக்குது, பக்கத்துல உக்காந்து நீங்க நின்னுடுச்சுன்னு பொட்டு வெக்கறீங்க. இத்தனை வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டேதானே இருக்கேன், எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க வெளிய போறப்ப சரிபண்ணி வெச்சேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தன் பொட்டைத் தானே சுரண்டி எடுத்தார். சுவிட்சை அழுத்தித் திருகைத் திருப்பத் தொடங்கினார். தலையைச் சாய்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுடுச்சா?"

"இன்னும் கொஞ்சம். ம்... அதிகமாயிடுச்சு, திரும்பி வாங்க. இதோ, நின்னுடுச்சு."

எனக்கும் கீச்சு நின்றுவிட்டிருந்தது. அவர் என்னைக் கேட்கவில்லை, பூனையையும் தேடவில்லை. அவளுடைய புது பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்தார். பொட்டு கொஞ்சம் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் மணிக்கட்டிலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வந்தது. நானும் அக்காவும் ஒரே நேரத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்தோம். பார்த்திருக்கக் கூடாது. அத்தான் எங்கள் இரண்டு பேர் கண்ணும் போன இடத்தைக் கவனித்துவிட்டார். கையை மெதுவாகத் தூக்கி, கடிகாரத்தைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"இப்போ அடிச்சுதா?" என்றார்.

"அடிச்சுதுங்க" என்றாள் அக்கா.