ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர்

போன வியாழக்கிழமை ஒரு கராஜுக்குள் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்னும் மூடியபாடில்லை!

விஷயம் இதுதான். வசந்தகாலத்தில் நானும் மனைவி சுகந்தியும் ஒரு வீட்டு வண்டி வாங்கினோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். புத்தம் புதுசு. கடலோரம் நிறுத்திச் சுடச்சுடச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை.

புது வண்டி முதலில் எங்கே போகும்? நாங்கள் குடியேறிய இந்தப் பனி நாட்டில், ஹொல்ம்லியா என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக்கூட வரவில்லை, நேரே கோயிலுக்குத்தான். சந்தனம், தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. ஐயருக்கு வண்டியின் உச்சி எட்டவில்லை. விடுவாரா? ஏணி வைத்து ஏறி, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கூரையில் ஊற்றிவிட்டுத்தான் இறங்கினார்.

கொஞ்ச நாளில் கட்டிலுக்கு மேலே சுவர் ஊறிப் பொருமியது. வாங்கிய இடத்துக்கே கொண்டுபோனோம். பொறுப்பாளர் ஈரத்தை அளந்தார், அடுப்பைப் பார்த்தார். கூரையில் குறையில்லை, நீங்கள் சோறு அவிக்கும் ஆவிதான் காரணம் என்றார். வாரண்டியில் வராதாம். கழற்றிப் பார்ப்பதென்றால் இலையுதிர்காலத்தில்தானாம் — ஜூலையில் கோடை விடுமுறை, கராஜுக்கே லீவு. இந்த வண்டிகள் ஓடுவதே ஜூலையில்தானே ஐயா?

அன்றிலிருந்து சுகந்தி அந்த அடுப்பைத் தொடவில்லை. கோடை முழுக்கப் பாணும் ஜாமும். கடல் அழகாகத்தான் இருந்தது. அவள் முகம்தான்...

"நான் சோறு அவிச்சுத்தானே புது வண்டி பழுதாப் போச்சுது" என்றாள் ஒருநாள்.

வியாழக்கிழமை ஒருவழியாகக் கூரையின் உட்பலகையைக் கழற்றினார்கள். மெக்கானிக் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கூரை ஜன்னலின் விளிம்பில் தொடங்கி, குளிருக்காகக் கூரைக்குள் அடைத்த வெள்ளைப் பஞ்சு வழியே வளைந்து, கட்டில்வரை ஒரு கோடு. மஞ்சள் கோடு!

ஒழுக்கைக் கண்டுபிடிக்க என்ன சாயம் ஊற்றினீர்கள் என்று கேட்டார். கோயில் கதையைச் சொன்னேன். மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். வருடத்துக்கு இரண்டு தரம் கோயில் வாசலை மிதிக்கிற எனக்கே மெய்சிலிர்த்தது. அடுப்புப் பற்றவைக்கும் முன்பே, வாங்கிய அன்றே வண்டி ஒழுகியிருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் அடுத்து வந்தது. பொறுப்பாளர் வந்து பார்த்தார். என்னை விட்டுவிட்டு நேரே சுகந்தியிடம் போனார்.

"உங்கள் சமையலில் பிழையில்லை. நான் சொன்னதுதான் பிழை."

சாக்குப்போக்கு இல்லை, இழுவை இல்லை. பெரிய கதிரையில் இருப்பவர் ஒருவர் இப்படி மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

சரி, எப்போது திருத்துவீர்கள்? பாகங்கள் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டும், பனிக்காலம் முடியட்டும் என்றார் — அதே பணிவோடு. இந்த நாட்டில் பிழையை ஒத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். திருத்தத்தான் ஒரு பருவம் வேண்டும்.

சுகந்தி கோபப்படவில்லை. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, போய் அரிசி வாங்கிக்கொண்டு வாங்கோ."

கராஜ் முற்றத்தில், பலகை கழன்ற அந்த வண்டிக்குள் சோறு கொதித்தது. ஒரு ஜன்னலைக்கூட அவள் திறக்கவில்லை.