கழுவாத ஒரு மணித்தியாலம்

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. அப்போதும் அப்படித்தான். அறுபதுகளின் கடைசி. வவுனியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மனநோய்த் தாதியருக்குப் புதுப் பயிற்சி. டொக்டர் இரண்டு நாள் கரும்பலகையில் எழுதினார். மூன்றாம் நாள் சோக்கட்டியை வைத்துவிட்டு, ஆளுக்கொரு நோயாளியைத் தந்தார்.

எனக்கு வாய்த்தவர் பூநகரிக்காரி. அழுக்குப் பயம். கழுவிக் கழுவி விரல்கள் வெடித்திருந்தன. தன் கை பட்டால் பிள்ளை செத்துவிடும் என்று, பெற்ற பிள்ளையை ஐந்து மாதமாகத் தூக்கவில்லை. புதன்கிழமை கணவர் பிள்ளையோடு பஸ்ஸில் வருவார்.

டொக்டர் சொன்ன வைத்தியம் இதுதான்: முதலில் நான் முற்றத்து மண்ணை அளையவேண்டும், பிறகு அவர். கழுவாமல் ஒரு மணித்தியாலம் இருவரும் இருக்கவேண்டும். ஆறுதல் சொல்லக்கூடாது. ஏறிய பயம் தானாக இறங்கும்வரை பக்கத்தில் இருப்பதே வேலை.

அளைந்தார். கைகளை யாரோ இரவல் தந்தவைபோல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"மிஸி, கொஞ்சம் தண்ணி."

"இல்லை அக்கா."

"நீங்களும் ஒரு பொம்பிளையே?"

காற்று கதவை அடித்தது. நான் எழுந்தேன், இருந்தேன், எழுந்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, குசினிக்கு ஓடித் தேநீர் கொண்டுவந்தேன். தேநீருக்கு முன் செம்பில் தண்ணீர் நீட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கை யோசிக்கவில்லை, நீட்டிவிட்டது. நான் திடுக்கிடுமுன் அவர் கழுவி முடித்திருந்தார்.

"உபசாரம் நல்லாயிருக்கு," என்றார் டொக்டர். "அவவின்ரை பயத்தை உம்மாலை பாத்துக்கொண்டு இருக்கேலாமல் போச்சு. அதுதான் எழும்பினீர்."

மறுநாளும் மண். கதிரையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தேன்.

"இண்டைக்குத் தேத்தண்ணி இல்லையோ?" அவர் நக்கலாகக் கேட்டார். ஆடிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தார். "என்னைவிட மிஸிக்குத்தான் வருத்தம் முத்திப்போச்சு. இருந்தபடியே ஓடுறா."

சிரித்துவிட்டோம். மணித்தியாலம் முடியுமுன் அவர் தோள்கள் தளர்ந்திருந்தன.

புதன். பஸ் பிந்தியது. வாசலுக்கும் வீதிக்கும் எத்தனை தரம் நடந்தேனோ. கணவர் வந்ததும், யாரும் சொல்லாமலே அக்கா குனிந்து மண்ணைத் தொட்டார். அந்தக் கையாலேயே பிள்ளையை வாங்கினார். பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன. கணவர் பதறிக் கைலேஞ்சியை எடுத்தார்.

"துடைக்காதேங்கோ," என்றேன்.

அக்காவின் கண் குழாயடிக்குப் போய்ப் போய் வந்தது. பிள்ளையை மட்டும் விடவில்லை.

"மிஸி, எழும்பிப் போயிடாதேங்கோ."

"இல்லை அக்கா."

இருந்தேன். கால்கள் மட்டும் பூநகரிவரை ஓடிக்கொண்டிருந்தன.