புகையில்லாத கணப்பு

தாயில்லாத சித்தி, தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. கர்க்கடக மாதம், திருவனந்தபுரத்து மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குக் காற்றே சத்துரு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா பிரசவ அறையின் ஒற்றை ஜன்னலை அடைத்து, இடுக்குகளில் பழந்துணியும் திணித்தாள். தங்கை மேல் அவ்வளவு பிரியம்.

குளிருக்குக் கணப்பு வேண்டுமே. விறகென்றால் புகைந்து குழந்தையின் கண்ணைக் கரிக்கும் என்று, நல்ல அடுப்புக்கரியாகத் தேடி வாங்கி, கனிய வைத்துச் சட்டியோடு உள்ளே கொண்டுபோனாள். பொட்டுப் புகை கிடையாது. அதைப் பக்கத்து வீட்டில் சொல்லிக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள்.

மறுநாளே சித்திக்குத் தலைவலி, குமட்டல். குளிக்க வெளியே வந்தால் தெளிவாள். உள்ளே போய்ப் படுத்தால் மறுபடியும் துவண்டுவிடுவாள். தீட்டு என்பதால் எனக்கு வாசற்படிவரைதான் அனுமதி.

"அக்கா, தலை பொளக்கறது. கதவைக் கொஞ்சம் திறயேன்."

"பச்சை உடம்புடி. காத்து படப்படாது, கேட்டியா? ஜன்னி கண்டுடும்" என்றாள் அம்மா. பிறகு மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடியே வரவில்லை, ஆகவே திருஷ்டி உறுதியாயிற்று.

அன்று ராத்திரி மழை வலுத்தது. கணப்பில் இன்னும் கரி விழுந்தது. மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்ட வெளியே கொண்டுவந்து, திரும்ப உள்ளே கிடத்தியபோது, சித்தி அசந்து தூங்குகிறாள் என்று யாரும் எழுப்பவில்லை. பத்தியச் சாதத்தோடு போன அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். குழந்தையும் துவண்டு கிடந்தது. சித்தியின் கன்னம் செக்கச்செவேலென்று இருந்தது. இவ்வளவு அழகாகத் தூங்குகிறவளை அம்மா ஏன் இப்படி உலுக்குகிறாள் என்று எனக்குக் கோபம்.

அப்பா ஓடிப்போய் அடுத்த தெரு மலையாள டாக்டரை அழைத்துவந்தார். வந்தவர் முதலில் நாடிகூடப் பார்க்கவில்லை. சட்டியை முற்றத்து மழையில் எறிந்தார். ஜன்னலைத் தள்ளித் திறந்தார். சித்தியை வெளியே தூக்கிவரச் சொல்லிவிட்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு காற்றில் நின்றார். வெகுநேரம் கழித்து அது வீரிட்டது. சித்தி எழவே இல்லை.

"அடைச்ச முறிக்குள்ளே கரி வைக்கவே கூடாது, அம்மா. புகை இல்லைன்னாலும் அது விஷம்" என்று அவர் சொன்னது அழுகையில் யார் காதிலும் ஏறவில்லை.

"காத்தை உள்ளே விட்டு என் தங்கையைக் கொன்னுட்டானே பாவி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அதுவே வேதவாக்கு.

அப்புறம் தெருவில் எங்களைக் கண்டால் அந்த டாக்டர் நிற்பார். "குஞ்ஞு சுகமா இருக்கோ?" என்று குழந்தையைக் காட்டிக் கேட்பார். கொலைகாரனுக்கு என்ன பதில்? முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவேன். என் இடுப்பில் இருந்தபடி சித்தியின் பெண் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். விவரம் தெரியாத குழந்தை என்று நினைத்துக்கொள்வேன்.