துண்டுக்குள் முடிந்த கிரயம்

நான் எழுதிப் பழகியவள் அல்ல. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் தட்டச்சு செய்கிறவள். நஞ்சம்மாவை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் பலர் இருக்க, நான் முந்திக்கொண்டு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை மத்திகிரி டவுன் பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், "உங்க தோப்பம்மா போயிட்டாங்க மேடம், தெரியுமா?" என்றார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, நஞ்சம்மாவின் ஊருக்குப் பஸ் பிடித்தேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நஞ்சம்மா மாட்டுத் தரகர். கணவர் இறந்தபின் சந்தைக்குத் தாமே போனவர். வீட்டில் தெலுங்கு, மாட்டிடம் கன்னடம், அதிகாரிகளிடம் தமிழ். மூன்றிலும் திட்டத் தெரியும். ஏரிக்கரையை ஒட்டி அவருக்குப் புளியந்தோப்பு இருந்தது. வருடந்தோறும் அங்கே நாரைகள் வந்து கூடு கட்டும். சுற்றிலும் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த எண்பதுகளில், ஷெட் போட இடம் தேடிய பெங்களூர்க்காரர் ஒருவர் தோப்பைக் கேட்டார். மரம் போனால் பறவையும் போய்விடும் என்று ஊரார் மனுக் கொடுத்தார்கள். தோப்பை ஒன்றியமே வாங்கிக் காப்பது என்று தீர்மானமானது.

நான் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஒன்றிய ஆணையர் பின்னால் கோப்பைச் சுமந்துகொண்டு போவேன், வாய் திறக்கமாட்டேன்.

முதல்முறை போனபோது நஞ்சம்மா மோர் கொடுத்தார், விலை சொல்லவில்லை. இரண்டாம் முறை, "வெலைய வாய்விட்டுச் சொல்றதா? எங்க வூட்டுக்காரரு காலத்துலருந்து துண்டுக்குள்ளதான்" என்றார். சந்தையில் தரகர்கள் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்தே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

"அரசாங்கத்துல எல்லாம் பேப்பர்ல இருக்கணும்மா" என்றார் ஆணையர்.

"பேசி முடிச்சப்புறம் எழுதிக்கோங்க சார். யாரு வேணாங்குறா?"

மூன்றாம் முறை போனது கடைசி நாள். பெங்களூர்க்காரர் மறுநாள் அட்வான்ஸோடு வருவதாக இருந்தார். தோப்பின் நடுவே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த நஞ்சம்மா, "வேலி போட்டா நான் எப்படி உள்ள வர்றது?" என்று கேட்டார்.

"வேலின்னா முழு வேலிதான்மா. வழி விட்டா இன்னிக்கு ஆளு வரும், நாளைக்கு ஆடு வரும், அப்புறம் ஆடிட் வரும்."

நஞ்சம்மா தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஆணையர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பேரத்துக்கு உட்கார்ந்தார்.

"உங்க கை வேணாம் சார். கையெழுத்துப் போட்டுப் போட்டு மரத்துப் போயிருக்கும். அந்தப் பொண்ணு உக்காரட்டும்."

ஆணையர் என்னைத் தள்ளி அழைத்துப்போய், கொடுக்க முடிந்த உச்ச விலையைச் சொல்லி அனுப்பினார். எங்கள் கைகள்மேல் துண்டு விழுந்தது.

"ஏன் கண்ணு பயப்படுற? மாடுன்னாலும் முட்டும். தோப்பு என்ன பண்ணும்?"

என் விரல்களை மொத்தமாகப் பிடித்தார். நான் இரண்டை மடக்கி விலையைக் குறைத்தேன். அவர் ஒன்றை நிமிர்த்தி ஏற்றினார். ஆணையர் எக்ஸ்ரே எடுப்பவர்போலத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நஞ்சம்மாவின் பிடி எங்கள் உச்ச விலைக்குள் வந்து நின்றது. கையை எடுக்கப் போனேன், விடவில்லை. என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு தோப்பின் மேற்கு மூலையைப் பார்த்தார். அவர் தினமும் நடந்து வரும் ஒற்றையடிப் பாதை அங்கேதான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். வழி கேட்கிறார் என்று புரிந்துவிட்டது. எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனாலும் திருப்பி அழுத்தினேன்.

"முடிஞ்சுது சார், எழுதிக்கோங்க" என்று துண்டை உதறினார். "பேசாத பொண்ணுன்னு பாத்தா, பேரத்துல வுடமாட்டேங்குது."

வேலிக்குக் கல் நட வந்தவர்களிடம், "மேற்கு மூலையில ஒரு ஆள் நுழைய எடம் விடச் சொன்னாங்க" என்றேன். யார் சொன்னது என்று அவர்கள் கேட்கவில்லை. பிறகு அதைப் பார்த்த ஆணையர், ஒப்பந்ததாரரின் கவனக்குறைவு என்று குறிப்பு எழுதினார். அதைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தவள் நானே.

அந்த வழியாக நஞ்சம்மா மாலைதோறும் வந்தார். தலையில் எச்சமிடும் நாரைகளைக் கன்னடத்தில் திட்டுவார். நான் போனால், "ஒன்றியத்து ஆளு வந்துட்டாங்க, ஒழுங்கா இருங்க" என்று மிரட்டுவார். விற்றதில் வருத்தம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்கு? வித்தப்புறமும் நான்தான அனுபவிக்கிறேன். வேலிச் செலவு உங்களுது" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது, அவர் மகன் அந்தப் பழைய துண்டை அவருடைய கைகள்மேல் போர்த்தியிருந்தார். துண்டுக்கடியில் கை நுழைத்து, அவர் சுண்டுவிரலை ஒருமுறை அழுத்தினேன். போய் வாருங்கள், நஞ்சம்மா.

இனி ஒன்றியத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அம்மாதான் இல்லையே, வேலியின் இடைவெளியை அடைத்துவிடலாம் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது ஒப்பந்ததாரர் செய்த தவறல்ல. பெங்களூர்க்காரர் சொன்னதைவிடக் குறைந்த விலைக்கு இசைந்தவர், கூடுதலாகக் கேட்டது அது ஒன்றுதான். ஒன்றியத்தின் சார்பில் சரி என்றவள் நான். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு என்னைக் கேளுங்கள். மேற்கு மூலையை மட்டும் அடைக்காதீர்கள்.