ஐந்து பல்லும் ஒரு நம்பரும்

நல்லுசாமி அண்ணனுக்கு ஐந்து பல் போன கதையை என்னைவிடச் சரியாகச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு பல் போன பிறகும் அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது என் முன்னால்தான். தாண்டிக்குடி கடைவீதியில் இருக்கும் சின்ன லேபில் பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுக்கிறேன். பெயர் லீலா. கோபக்காரி என்று ஊரில் பேச்சு. இதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது நியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருடமாக ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். காப்பி மூட்டை, கல்யாணப் பெண், பிரசவ வலி கண்டவள், பாம்பு கடித்தவன் என்று இந்தப் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேர் அவர் வண்டியில்தான் வத்தலக்குண்டுக்கு இறங்கினார்கள். மண் சரிந்து பஸ் நின்ற நாளில்கூட நல்லுசாமி வண்டி நிற்காது. "ஸ்டீயரிங்கப் புடிச்சாத்தான் லீலா எனக்கு மூச்சே வரும்" என்பார். அது வெறும் பீற்றல் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத மனிதர். ஜீப்பைத் துடைக்கிற நேரத்தில் பாதியை வடிவு மதினியோடு பேசச் செலவழித்திருந்தால் அந்த அம்மாள் கொடுத்துவைத்தவர்.

வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் அவருக்கு ஒரு முறை உண்டு. விலை குறைந்த சாமானை முதலில் மாற்றுவார். சத்தம் நிற்காவிட்டால் அடுத்த சாமான், அதற்கும் நிற்காவிட்டால் அதற்கடுத்தது. எஞ்சினைத் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். "எஞ்சினப் பிரிச்சிட்டா அப்புறம் அது நம்ம எஞ்சின் இல்ல, மெக்கானிக்கோட எஞ்சின்" என்று விளக்கம் வேறு. வண்டி விஷயத்தில் இந்த வைத்தியம் பல தடவை பலித்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு நாள் ஸ்டெப்னி டயரைத் தூக்கும்போது அவருக்கு நெஞ்சு இறுகி, இடது கை மரத்துப்போயிருக்கிறது. வாய்வு என்று சொல்லி நாலு பூண்டுப் பல்லைச் சுட்டுத் தின்றுவிட்டு வண்டி எடுத்துவிட்டார். அடுத்த வாரமும் அதே இறுக்கம். மதினி விடவில்லை, சுகாதார நிலையத்து டாக்டரம்மா தாரணியிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு என்னிடம் அனுப்பினார். கொழுப்பு, சர்க்கரையோடு சி.ஆர்.பி. என்று ஒன்றும் எழுதியிருந்தார். உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடுகிற புரதம் அது. இதயத்துக்காகப் பார்க்கும்போது ஒன்றுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, மூன்றைத் தாண்டினால் கவலை. அண்ணனுக்கு ஆறு புள்ளி எட்டு.

ரிப்போர்ட்டைக் கொடுக்கப் போன நானும் பக்கத்தில்தான் நின்றேன். மதினி அன்றைக்கு வரவில்லை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"ஐயா, இந்த நம்பர் பல்லுல சீழ் இருந்தாலும் ஏறும், கால்ல புண் இருந்தாலும் ஏறும், சளி புடிச்சாலும் ஏறும். ஆனா உங்களுக்கு நெஞ்சு இறுக்கம் இருக்கு, சுகர் இருக்கு, ஈ.சி.ஜி.யும் சரியில்ல. மதுரைக்குப் போயி ஆஞ்சியோகிராம் எடுத்து, ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாத்துருங்க. அதுவரைக்கும் மாத்திரை போடுங்க. வண்டி ஓட்ட வேணாம்."

வண்டி ஓட்ட வேண்டாம் என்றதும் அண்ணன் முகம் செத்துவிட்டது. வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் மறுபடி உயிர் வந்தது. டாக்டரம்மா சொன்னதில் முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"லீலா, கடவாய்ப் பல்லு ஒண்ணு ரொம்ப நாளா ஆடுது. அதான் சோலியக் காட்டுது."

மதினியிடமும் எல்லாம் பல்லால்தான் என்று சொல்லிவிட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு அவரே வண்டியை ஓட்டி வத்தலக்குண்டுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். புண் ஆறியதும் ரத்தம் கொடுத்தார். ஏழு புள்ளி ஒன்று. "பாத்தியா, பக்கத்துப் பல்லும் கெட்டுருக்கு" என்றார். அதுவும் போனது. ஆறு புள்ளி ஒன்பது. பிறகு கால் பெருவிரல் நகத்தை எடுத்தார். ஒரு மாதம் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தார். பிறகு மூன்றாவது பல், நாலாவது பல். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரை மட்டும் ஜீப்பில் முருகன் படத்துக்குக் கீழே அட்டை பிரியாமல் கிடந்தது. ஒரு தடவை ஆறு புள்ளி இரண்டு வந்தபோது, லேபில் இருந்த அத்தனை பேருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணே, இதுவும் மூணுக்கு மேலதாண்ணே" என்றேன்.

"எறங்குதுல்ல? எறக்கத்துல வண்டி தானா போகும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பல்லுக்கு வத்தலக்குண்டு வரைக்கும் அஞ்சாறு தடவ போயாச்சு. அங்கேருந்து மதுர ஒன்றர மணி நேரந்தானண்ணே! நெஞ்சுக்காகப் போனா கௌரவம் கொறஞ்சிருமா?"

வழக்கமாகச் சிரித்து மழுப்புகிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "நெஞ்சுவலின்னு நான் கூட்டிட்டுப் போனவன்ல பாதிப் பேரு படுத்தவாக்குலதான் வீடு வந்தான். மீதிப் பேரு வீட்டுல காவலுக்கு உக்காந்துட்டான். வண்டிய விட்டுட்டு நான் என்ன செய்யிறது, கோழி மேய்க்கவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒருவருடைய ரிப்போர்ட்டை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன், அது தொழில் தர்மம். அதே மனிதர் ஓட்டிய ஜீப்பில் வாரம் இரண்டு தடவை நானே ஏறி மலை இறங்கினேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது? தாண்டிக்குடியில் முட்டாள் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

ஐந்தாவது பல் நல்ல பல். பல் டாக்டர் எடுக்க மாட்டேன் என்றாராம். வலியில் தூக்கமே இல்லை என்று பொய் சொல்லி எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கும் நம்பர் அசையவில்லை. அந்த மாதம்தான் வடிவு மதினியைக் கையோடு கூட்டிக்கொண்டு லேபுக்கு வந்தார், ஏதோ கண்டுபிடித்தவர் மாதிரி முகமெல்லாம் பூரிப்பு.

"இவ வாயப் பாரு லீலா. நாலு சொத்தப் பல்லு. குதிகாலு பூராம் வெடிப்பு. முட்டி வலின்னு நித்தம் பாட்டுப் பாடுறா. இவளுக்கும் எடு, எனக்கும் எடு. நம்பர ஏத்துறது பல்லுதான்னு தெரிஞ்சிரும். இவளுக்குப் பத்துக்கு மேல வரலேன்னா நான் மீசைய எடுத்துர்றேன்."

"என்னய எதுக்குங்க இதுல இழுக்கிறீங்க?" என்று முனகிக்கொண்டே மதினி கையை நீட்டினார். இருவருக்கும் எடுத்தேன். அண்ணனுக்கு ஏழு புள்ளி நாலு. மதினிக்குப் பூஜ்யம் புள்ளி ஏழு.

"மெசினு சரியாத்தான் கெடக்கா?" என்றார் அண்ணன்.

மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதே பூஜ்யம் புள்ளி ஏழு. அண்ணன் பெஞ்சியில் உட்கார்ந்தார். தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். மாற்றிப் பார்க்க வேறு சாமான் இல்லை.

மதினிக்கு நம்பர் புரியாது. புருஷன் முகம் புரியும். "அப்ப பல்லு இல்லியா? நெஞ்சுதானா?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், லேப் என்றும் பார்க்காமல் மதினி பிடித்துக்கொண்டார்.

"பாவி மனுசா! ஒன்றர வருசமாப் பல்லுவலி பல்லுவலின்னு என்னய ஏமாத்துனீங்களா? நீங்க வண்டி ஓட்டாட்டி நான் ஒங்களுக்குக் கஞ்சி ஊத்த மாட்டேனா? ஆளு இருந்தாப் போதும்னு நான் நெனப்பேன்னு ஒரு நாளாச்சும் ஒங்களுக்குத் தோணலையா?" சொல்லிவிட்டு அவர் தோளிலேயே முகத்தை வைத்து அழுதார். அண்ணன், "சரி புள்ள, போவோம். அழுவாத, போவோம்" என்றார்.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். மதினி சாவியைப் பிடுங்கி மனோஜ்குமாரிடம் கொடுத்துவிட்டார். ஸ்டாண்டில் அண்ணனுக்கு அடுத்த வண்டிக்காரன் அவன். கியர் மாற்றத் தெரியாதவன் என்று அண்ணன் ஊரெல்லாம் கேலி பேசியது அவனைத்தான். அண்ணன் பின்சீட்டில் மதினிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். "ஏலே, ஹாரன் அடில! வெரசாப் போகாதல!" என்று வழிநெடுகச் சத்தம். அவனும் "சரிண்ணே, சரிண்ணே" என்று தாங்கிக்கொண்டான்.

மதுரையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று குழாயிலும் அடைப்பு. நடுவில் ஒரு தடவை மாரடைப்பு சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது என்றும், இதயத்தின் ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது என்றும் அங்கிருந்த இதய டாக்டர் சொன்னார்.

"அந்த நம்பர் கூடுனதாலதான் மூணு அடைப்புங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"அது அடைப்ப அளந்து சொல்லாதுங்க. அது கூடுதலா இருக்கவங்க பல பேருக்கு நோயும் முத்தியிருக்கும். அதனால அத எச்சரிக்கையா எடுத்துக்கணும். மொதமொத எப்ப நெஞ்சு இறுக்குச்சு?"

"ஒன்றர வருசம் இருக்கும்."

"அப்பவே வந்திருந்தா அநேகமா ஒரு ஸ்டென்ட்டோட முடிஞ்சிருக்கும். ரெண்டு மாசத்துல வண்டி ஓட்டப் போயிருப்பீங்க. இப்ப பைபாஸ்தான் பண்ணணும். நல்லா இருப்பீங்க, பயப்படாதீங்க. ஆனா மலையில ஆளுகள ஏத்திக்கிட்டு ஓட்டுறத இனி மறந்துருங்க."



ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலு மாதம் கழித்து லேபுக்கு வந்தார். அவருடைய ஜீப்பிலேயே வந்தார், இப்போது அதை ஓட்டுவது மனோஜ்குமார். அண்ணன் மெலிந்திருந்தார், மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறார் என்று மதினி சொல்லியிருந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தேன். பூஜ்யம் புள்ளி ஒன்பது.

"அண்ணே, ஒண்ணுக்குக் கீழ வந்திருச்சு!" என்று கத்திவிட்டேன். எனக்கு அத்தனை சந்தோஷம்.

காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இதுக்குத்தான லீலா இத்தன பாடு" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஆட்கள் ஏறி முடிந்து வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அண்ணன் நேராக வலது பக்கக் கதவுக்குப் போய்க் கைப்பிடியில் கையை வைத்துவிட்டார். உள்ளே மனோஜ்குமார் இருந்தான். பதறிப்போய் இறங்கப் பார்த்தான்.

"இருலே, நீ இரு" என்றார் அண்ணன். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார்.