பின்னால் பார்க்கும் இருக்கை

தவமணி அண்ணன் காலமான செய்தியை ஓடைப்பட்டிக்குக் கொண்டுவந்தவர், என் தோட்டத்துத் திராட்சைக் கூடைகளை ஏற்ற வந்த ஜீப் டிரைவர். "தேனி லேத் பட்டறையில இருந்தாகளே ஒத்தக்கால் தவமணி, அவுக காலையில தவறிட்டாக. நெஞ்சுவலியாம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இறுக்க ஆரம்பித்தார். முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதருக்கு ஊர் வைத்த பெயர் ஒற்றைக்கால். அந்தக் கால் எப்படிப் போனது என்பது அந்த டிரைவருக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரியாது.

இரங்கல் கூட்டத்தில் பேச அழைத்தபோது நான் எழுந்து வெளியே போனதை மரியாதைக் குறைவு என்று சிலர் சொன்னீர்களாம். போடியிலிருந்து ஏலத்தோட்ட முதலாளி அனுப்பிய ஆளுயர மாலையைப் பார்த்துக்கொண்டும், "படகு ஆசைதான் அவரைக் கெடுத்தது" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டும் உட்கார என்னால் முடியவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

படகு ஆசை முதலாளியுடையது. எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாடு போய் வந்தவர், அங்கே ஒருவன் ஒற்றைப் பலகை மேல் நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகு எழுப்பும் அலையில் சறுக்கி விளையாடியதைப் பார்த்திருக்கிறார். ஒரு பலகையும் வாங்கி வந்துவிட்டார். படகை அப்போது நானும் அண்ணனும் வேலை பார்த்த பட்டறையில் செய்துதரச் சொன்னார். நாங்கள் பம்புசெட்டும் ஜீப்பும் பார்க்கிறவர்கள். நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. "ஏலே சுந்தரம், எல்லாரும் அலை வரக் கூடாதுன்னு போட் கட்டுறாக. இது அலைக்காகவே கட்டுற போட். தலைகீழா யோசிக்கணும்டா" என்றார்.

யோசித்தார். பட்டறையில் படம் வரைகிறவன் நான். அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். பின்பக்கம் எடை கூடினால்தான் அலை உயரும் என்று, லாரி டியூப்களில் தண்ணீர் நிரப்பிப் பின்னால் கட்ட ஏற்பாடு. கயிற்றைப் பின்விளிம்பில் கட்டாமல், நடுவில் ஆள் உயரக் கம்பம் நட்டு அதன் உச்சியில் கட்டவேண்டும், அப்போதுதான் சறுக்குகிறவனால் எம்பிக் குதிக்க முடியும். படகு ஓடவேண்டிய கண்மாய்க்குள் கருவேலங்கட்டைகள் கிடக்கும், ஆகவே தண்ணீரைத் தள்ளும் விசிறி படகின் அடிவயிற்றில் ஒரு குழிவுக்குள் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் பார்த்து உட்கார ஓர் இருக்கை. அதில் இருப்பவனுக்கு வேறு வேலை கிடையாது. சறுக்குகிறவன் விழுந்தால் அந்த நொடியே எஞ்சினை நிறுத்த, அவன் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச். "ஓட்டுறவன் கண்ணு முன்னாடி. உன் கண்ணு எம்மேல. நீதான் அதுல உக்கார்ற" என்றார் என்னிடம்.

அண்ணன் விசிறி வாங்க மதுரை போயிருந்த ஒரு நாள் முதலாளி பட்டறைக்கு வந்தார். இந்தப் பக்கத்து ஜீப்புகளில் இருப்பதுபோலப் படகின் முகப்பிலும் முருகன் படம் வைக்கப்போவதாகச் சொன்னார். பிறகு படத்தாளைப் பார்த்தார்.

"இதென்ன, சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு சீட்டு? திருப்புப்பா."

நான் ரப்பரை எடுத்து அழித்தேன், முன்னால் பார்க்கும்படி வரைந்தேன். சுவிட்சும் இடம் மாறி ஓட்டுகிறவர் பக்கம் போனது. இரண்டு நிமிட வேலை. படகின் உள்வேலை முதலாளியின் ஷெட்டில் நடந்ததால், அண்ணன் அதைக் கவனித்தது தண்ணீரில் இறக்கிய அன்றுதான். அண்ணனிடம் சொல்ல எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. சொல்லவில்லை. முதலாளியைப் பகைக்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

கார்த்திகை மாதம். கண்மாய் நிறைந்து கிடந்தது, கரை முழுக்க ஜனம். பூசணிக்காய் உடைத்தார்கள். அண்ணன் இருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, நீ ஒடம்பத் திருப்பி என்னையவே பாத்துக்கிட்டு வா" என்றார். வேறு யாரையாவது சறுக்கச் சொல்லலாமே என்றேன். "கட்டுனவன்தாண்டா மொதல்ல விழணும்" என்று பலகையோடு தண்ணீரில் இறங்கினார்.

முதலாளிதான் ஓட்டினார். அலை எழுந்தது, அண்ணன் எழுந்தார். நான் உடம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். பாதிக் கண்மாய் தாண்டியதும் முதலாளி கத்தினார்: "முன்னாடி சாமி படம் இருக்குல்ல? முன்னாடி திரும்பி உக்காருப்பா."

நான் திரும்பிக்கொண்டேன்.

கரையில் ஜனம் கூச்சலிட்டது. பாராட்டுகிறார்கள் என்று முதலாளி கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவர்கள் கத்தியது ஆள் விழுந்துவிட்டான் என்று. எஞ்சின் சத்தத்தில் அது எங்களுக்கு வாழ்த்தாகக் கேட்டது. வட்டமடித்து, வெயில் கண்ணில் அடிக்க, வந்த வழியே திரும்பினோம். படகுக்கு அடியில் ஏதோ தட்டியபோது கருவேலங்கட்டை என்றுதான் நினைத்தேன்.

அண்ணனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கம்பம் வைத்த இடம் தப்பு, தவமணி போட்ட பிளானே தப்பு என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். விசாரித்தவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அழித்த தாள் என் மேசை டிராயரில்தான் இருந்தது. நின்று லேத் ஓட்டிய மனிதர் அதன்பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அரம் போட்டார். அவர் முகத்தைப் பார்த்து வேலை செய்ய முடியாமல் நான் ஓடைப்பட்டிக்கு வந்துவிட்டேன்.

ஒருமுறை மட்டும் கேட்டேன், என்மேல் கோபம் இல்லையா என்று. அரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "தண்ணிக்குள்ள இருந்து கையத் தூக்குனேன்டா. ஒன் மூஞ்சி தெரியும்னு பாத்தேன். பிடரிதான் தெரிஞ்சுச்சு." சத்தம் போட்டிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம். நான் நிம்மதியாகப் போயிருப்பேன்.

காரியம் முடிந்த அன்று அண்ணனின் மனைவி ராசாத்தி மதினி ஒரு சுருட்டிய தாளைக் கையில் கொடுத்தார். "ஒங்க அண்ணே ரெண்டு வருசமா இதத்தான் கிறுக்கிக்கிட்டு இருந்தாக. ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாக" என்றார். பிரித்தால், ஒரு புதுப் படகு. டியூபுக்குப் பதில் தகரத் தொட்டிகள். விசிறியைச் சுற்றி இரும்புக் கூண்டு. ஓட்டுகிறவருக்கு முன்னால், பின்பக்கம் தெரியும்படி லாரிக் கண்ணாடி. சுவிட்ச் மறுபடி தன் பழைய இடத்தில். பின்னால் பார்க்கும் இருக்கையின் நான்கு கால்களிலும் வட்டம் போட்டு, "வெல்டிங். எவனும் திருப்ப முடியாது" என்று எழுதியிருந்தார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பவை இரண்டு தாள்கள். ஒன்றில், நான் அழித்த இருக்கையின் பென்சில் தடம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. மற்றதில் இருக்கை அழுத்தமாக இருக்கிறது. அதில் உட்காரவேண்டிய ஆளின் பெயரையும் எழுதியிருக்கிறார். சுந்தரம்.