விடுபட்ட ஒற்று

செல்வாம்பாள் டீச்சர் விண்ணப்பங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்கருகே கொண்டுபோவார். "எண்பது பர்சென்ட் வாங்கியிருக்கு, 'எதிர்ப்பார்க்கிறேன்'னு எழுதியிருக்கு பாரு" என்று அந்த வேண்டாத 'ப்'பைச் சிவப்பு மையால் சுழிப்பார். அரசுப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் நடத்திய கை.

முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக் கூடத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஏழு பேர் சனிக்கிழமைதோறும் கூடுகிறார்கள். பென்ஷனில் ஆளுக்கொரு பங்கு போட்டு, பல்கலைக்கழகம்வரை வந்துவிட்ட ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். மாடியில் குடியிருக்கும் நான் அவர்களுக்குப் பட்டியல் தட்டச்சு செய்து கொடுப்பவன்.

யாராவது காலில் விழப்போனால் டீச்சர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிடுவார். "எழுந்திரு. முட்டிதான் தேயும். காபி ஆறுது, குடிச்சிட்டுப் போய் படி."

அறிவியல் ஆசிரியராக இருந்த ராமலிங்கம் சார் வம்புக்கு இழுப்பார். "கல்யாணப் பத்திரிகைய குடுத்தாகூட திருத்தித் திருப்பி அனுப்பறீங்களாமே டீச்சர்?"

"தப்பு இருந்தா மாப்ளைக்கே நல்லதில்ல சார்" என்பார், சிரிக்காமல்.

இந்த ஆண்டு வந்தவர்களில் ஒருத்தி வீராம்பட்டினத்துத் தேவிப்பிரியா. அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறார். எம்.எஸ்சி. வேதியியலில் இடம் கிடைத்திருந்தது. அசல் சான்றிதழ்களோடு கோப்பை டீச்சரிடம் பார்க்கக் கொடுத்தவள், ஞாயிறு மாலை வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கள் மதியம் மூன்று மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. டீச்சர் எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், சாதி சான்றிதழ்ல என் பேருக்கு நடுவுல செவப்பு இங்க்ல ஒரு 'ப்' இருக்குது. ஒரிஜினல்ல டீச்சர். திருத்துன சர்ட்டிபிகேட் செல்லாதுன்னுட்டாங்க."

சரிபார்ப்புக்கு அன்றுதான் கடைசி நாள். நான்கு மணிக்குள் முடியாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சான்றிதழில் 'தேவிபிரியா' என்று இருந்திருக்கிறது. விண்ணப்பங்களுக்கு நடுவே வந்த தாளில், விடுபட்ட ஒற்றை டீச்சரின் கை தானாகச் செருகிவிட்டது.

டீச்சரும், அன்று வந்திருந்த ராமலிங்கம் சாரும், நானும் ஆட்டோவில் கிளம்பினோம். சாரால் சும்மா இருக்க முடியவில்லை. "வொயிட்னர் வெச்சி அழிச்சிட்டா இன்னா?"

"அப்ப ஒரு தப்பு இல்ல சார், ரெண்டு."

சிக்னலில் நின்றபோது டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பல்கலைக்கழகத்துச் சேர்க்கை ஹாலுக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி மூன்று நாற்பது. ஹால் முழுக்கப் பிள்ளைகளும் பெற்றோர்களும். கவுன்ட்டருக்குள்ளிருந்த அதிகாரி அந்தச் சான்றிதழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேவிப்பிரியாவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சர்க்கார் குடுத்த பேப்பர்மா இது. உன் இஷ்டத்துக்கு எழுதிக்குவியா?"

"நான் எழுதல சார்."

"பின்ன யாரு?"

அவள் திரும்பினாள். வாசலருகே நின்ற எங்களைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கறேன் இல்ல? யாரு இதுல கை வெச்சது?"

கூட்டத்தின் கடைசியிலிருந்து செல்வாம்பாள் டீச்சர் வலது கையை நேராக மேலே தூக்கினார்.

"நான்தான் சார்."

அதிகாரி எழுந்து எட்டிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"தமிழ் டீச்சர். பிழைன்னு நெனச்சித் திருத்திட்டேன். தப்பு என்னுது. பொண்ணோடது இல்ல."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த 'ப்'பையே பார்த்தவர், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் தள்ளினார்.

"இப்ப சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பொண்ணு பத்து நாள்ல புதுசு வாங்கியாரட்டும். சீக்கிரம் வாங்க, டைம் ஆவுது."

கூட்டம் விலகி வழிவிட்டது. டீச்சர் நடந்தார். கவுன்ட்டருக்குப் போய்ச் சேரும்வரை தூக்கிய கையை இறக்கவே இல்லை.